கொக்கி பற்றாத சுவர்

‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’ வீடியோ கேம் தொடரின் நீண்டகாலத் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அளித்த நேர்காணல் ஒன்றில், கட்டுப்பாடுகள் மிகுந்த பழைய வடிவத்துக்கு விளையாட்டு திரும்ப வேண்டும் என்று சிலர் ஏன் விரும்புகிறார்கள் என அவர் வியப்புத் தெரிவித்தார். பழைய காலத்தின் மீதான ஏக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அத்தொடரின் அண்மைக்காலப் பெரும் படைப்புகள் இரண்டிலும் ஆட்டக்காரர் எந்த மலையிலும் ஏறலாம், எந்தத் திசையிலும் புறப்படலாம். இத்தனை சுதந்திரம் கிடைத்த பின்னரும் பழைய வேலிகளை நினைத்து ஏங்குவோர் இருந்தால், அது இளமைப்பருவ நினைவின் மயக்கம்தான் என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு சரிதானா என்பதை ஒரேயொரு கருவியைக் கொண்டு சோதித்துப் பார்க்க முடியும். அக்கருவியின் பெயர் ஹூக்‌ஷாட்.

இத்தொடரை அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம் தேவை. ஜப்பானின் கியோட்டோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிண்டெண்டோ நிறுவனம் 1986ஆம் ஆண்டு முதல் இத்தொடரை வெளியிட்டு வருகிறது. கதாநாயகன் பெயர் லிங்க். அவன் உலவும் நாடு பெரும்பாலும் ஹைரூல். காடு, ஏரி, எரிமலை, பாழடைந்த கோயில், நிலவறை என்று அலைந்து, புதிர்களை விடுவித்து, கருவிகளைத் திரட்டி, இறுதியில் பெரும்பகையை வீழ்த்துவதே ஒவ்வொரு படைப்பின் பொதுவான போக்கு. வில், வெடிகுண்டு, பூமராங் போன்ற அக்கருவிகளின் வரிசையில் ஒன்றுதான் ஹூக்‌ஷாட். கைப்பிடிக்குள் சுருண்டிருக்கும் சங்கிலியும் அதன் நுனியில் கூரிய கொக்கியும் கொண்டது. விசையை அழுத்தினால் கொக்கி நேர்கோட்டில் பாயும்.

தமிழ் வாசகர்களுக்கு இதன் உறவுமுறைக் கருவிகள் புதியவை அல்ல. எட்டாத கிளையை வளைத்துக் காய்பறிக்கும் துறட்டி ஒன்று. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டி மற்றொன்று. இரண்டும் கையின் எல்லையை நீட்டிப்பவை. எட்டாத பொருளைத் தன்னிடம் கொண்டுவருபவை. ஹூக்‌ஷாட் அந்த வேலையையும் செய்யும். அதைத் தலைகீழாகவும் செய்யும். இலேசான பொருளைப் பற்றினால் பொருள் லிங்கிடம் வரும். அசையாத பொருளைப் பற்றினால் லிங்க் பொருளிடம் இழுத்துச் செல்லப்படுவான். பள்ளத்தைத் தாண்டுவதும் மேல்தளத்தை அடைவதும் இந்த இரண்டாம் விதியால்தான்.

மூன்றாவது விதியொன்றும் உண்டு. ஹூக்‌ஷாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. பற்றக்கூடாத பரப்பில் பட்டால், ‘டிங்’ என்ற உலோக ஒலியுடன் கொக்கி வெறுங்கையாகத் திரும்பிவிடும். இந்தக் கருவியின் பெறுமதி முழுவதும் அந்த ஒலியில்தான் இருக்கிறது. எல்லாச் சுவரிலும் பற்றும் கொக்கி ஒரு வாகனம். சில இடங்களில் மட்டும் பற்றும் கொக்கி, உலகத்தைக் கூர்ந்து பார்க்கப் பழக்கும் ஆசிரியர். எது மரம், எது கல், எது பெட்டகம், எது வெறும் அலங்காரம் என்று ஆட்டக்காரர் ஒவ்வொரு அறையையும் வாசிக்கத் தொடங்குவது அந்த மறுப்பு ஒலியைக் கேட்ட பிறகுதான்.

ஹூக்‌ஷாட் முதன்முதலில் தோன்றியது 1991ஆம் ஆண்டு சூப்பர் ஃபேமிகாம் சாதனத்துக்காக ஜப்பானில் வெளியான ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ என்னும் படைப்பில். 1986ஆம் ஆண்டின் முதல் படைப்பிலேயே நீரைக் கடக்க ஏணியும் தெப்பமும் இருந்தன. ஆனால் அவை தாமாகவே இயங்கின. ஏணி கைவசம் இருந்தால், ஒரு கட்ட அகல நீரின்மேல் நடந்தவுடன் அது தானே விரிந்துகொள்ளும்; ஆட்டக்காரர் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஹூக்‌ஷாட்டை அப்படிப் பயன்படுத்த இயலாது. எங்கே நிற்பது, எத்திசை நோக்குவது, எதிரே பற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும். கடப்பது என்ற செயலுக்குள் நோக்குவது என்ற செயல் அப்போது சேர்ந்தது.

அந்தப் படைப்பில் மரணமலை என்று பொருள்படும் டெத் மவுண்டன் பகுதியில் உடைந்த பாலம் ஒன்று உண்டு. கதையின் முற்பகுதியிலேயே லிங்க் அங்கே வந்துவிடுவான். பாலத்தின் மறுபக்கம் மலையின் கிழக்குப் பகுதி, போக வழியில்லை. ஆட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார். பல மணிநேரம் கழித்து, இருள் உலகத்தின் சதுப்புநில அரண்மனைக்குள் ஹூக்‌ஷாட் கிடைக்கும். அந்த நொடியில் மனத்தில் தோன்றுவது கைக்குக் கிடைத்த கருவி மட்டுமன்று. எப்போதோ பார்த்துவிட்டு வந்த அந்த உடைந்த பாலமும் கூடவே தோன்றும். திரையில் அந்தப் பாலம் மாறவில்லை. அதே மலை, அதே இடைவெளி. மாறியது ஆட்டக்காரரின் தகுதி. ஓர் இடம் நினைவில் காத்திருந்து, பின்னொரு நாள் வேறு பொருள் கொள்வது கதைகளுக்கும் கவிதைகளுக்கும் பழக்கமான உத்தி. இங்கே அதைச் செய்வது ஒரு சங்கிலியும் கொக்கியும்.

இதன் உள்ளமைப்பு எளிமையானது. ஜெல்டா தொடரின் பழைய படைப்புகளில் பெரும்பாலான நிலவறைகளில் பாதி வழியில் ஒரு கருவி கிடைக்கும். முதல் பாதியில் தடையாக நின்றவை இரண்டாம் பாதியில் அக்கருவியால் திறக்கும். இறுதியில் காத்திருக்கும் பகைவனும் அக்கருவிக்கே பணிவான். சதுப்புநில அரண்மனையின் அர்கஸ் என்னும் பூதத்தைச் சுற்றி அடைகாக்கும் சிறு உருண்டைகளை ஹூக்‌ஷாட்டால் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்த பிறகுதான் அதைத் தாக்க முடியும். 1993ஆம் ஆண்டு கேம் பாய் சாதனத்துக்கு வந்த ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ படைப்பில் சுவர் ஓட்டைக்குள் ஒளியும் விலாங்கை இழுத்து வெளியே போடுவதும் இதே கொக்கிதான். அதே நிலவறையில் குறும்பும் ஒன்று உண்டு. ஹூக்‌ஷாட் இருக்க வேண்டிய பெட்டகம் காலியாகக் கிடக்கும். எலும்புக்கூட்டு வீரன் ஒருவன் அதை முன்பே திருடிக்கொண்டு போயிருப்பான். அவனைப் பலமுறை துரத்தித் தோற்கடித்தால்தான் கருவி கைக்கு வரும். அடுத்து என்ன கிடைக்கும் என்று ஆட்டக்காரர் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டதை வடிவமைப்பாளர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் காலிப் பெட்டகமே சான்று.

இந்த அமைப்பை விமர்சிப்போர், ஹூக்‌ஷாட் என்பது வேடமிட்ட சாவி என்பார்கள். பூட்டும் சாவியுமாக அமைந்த உலகத்தில் ஆட்டக்காரர் வடிவமைப்பாளர் போட்ட கோட்டில்தான் நடக்கிறார். கண்டுபிடித்ததாக எண்ணுவது மாயை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் சாவிக்கும் ஹூக்‌ஷாட்டுக்கும் இடையில் முக்கியமான வேறுபாடு ஒன்றும் இருக்கிறது. சாவி ஒரு பூட்டைத் திறந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். ஹூக்‌ஷாட் கையில் இருக்கும்வரை ஒவ்வொரு புதிய அறையும் ஒரு கேள்வி. அதன் விடை சில வேளைகளில் வடிவமைப்பாளர் நினைத்தது. சில வேளைகளில் அவர் நினையாதது. பறந்துவரும் பகைவனைச் சிறிது நேரம் உறைய வைக்கலாம், எட்டாத மேடையில் கிடக்கும் நாணயத்தை இழுக்கலாம், கீழே விழவிருக்கும் நேரத்தில் எதிரிலுள்ள பெட்டகத்தைப் பற்றித் தப்பலாம்.

ஹூக்‌ஷாட்டின் ஆழம் முழுமையாக வெளிப்பட்டது 1998ஆம் ஆண்டில் நிண்டெண்டோ 64 சாதனத்துக்கு வந்த ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ படைப்பில். தொடர் முப்பரிமாணத்துக்கு மாறியது அதில்தான். கதையின் நடுவே ஏழாண்டுகள் கடந்துபோகின்றன. சிறுவனாகத் தூங்கிய லிங்க் இளைஞனாக விழிக்கிறான். சிறுவனுக்கு உரியவை கவண்வில்லும் பூமராங்கும். ஹூக்‌ஷாட் இளைஞனுக்கு மட்டுமே உரியது. யாரிடமிருந்து அது கிடைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சிறுவனாக இருந்தபோது, ககாரிகோ ஊரின் இடுகாட்டில் தாம்பே என்னும் கூனல் முதியவர் காவல் காத்தார். இரவில் சில நாணயங்கள் கொடுத்தால் கல்லறைகளைத் தோண்டிக் காட்டுவார். ஏழாண்டு கழித்து வந்தால் அவர் இல்லை. அவருக்கே ஒரு கல்லறை இருக்கிறது. அதற்குள் இறங்கினால், அவருடைய ஆவி விளக்கேந்தியபடி ஓட்டப்பந்தயத்துக்கு அழைக்கும். தவறவிடாமல் பின்தொடர்ந்து ஓடினால் ஹூக்‌ஷாட் பரிசு. வளர்ந்தவனின் கை நீளமாவது இறந்துபோன ஒருவரின் உடைமையால்.

அதன் பின் அவன் அக்கருவியுடன் திரும்ப வேண்டிய முதல் இடம் காட்டுக்கோயில். அந்த இடத்தை ஆட்டக்காரர் முன்பே அறிவார். சிறுவனாக வந்தபோது, தோழி சாரியா அங்கே ஒரு மரக்கட்டையில் அமர்ந்து பாட்டுக் கற்றுத் தந்தாள். அவளுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு வாயில். அதற்குச் செல்லும் படிக்கட்டு இடிந்து கிடந்தது. அப்போது அது காட்சியின் பகுதி மட்டுமே. ஏழாண்டுக்குப் பின் மரக்கட்டை இருக்கிறது, சாரியா இல்லை. மேலே நீண்டிருக்கும் மரக்கிளையில் ஹூக்‌ஷாட்டை எய்தால் அந்த வாயிலை அடையலாம். அப்போது எட்டாதது இப்போது எட்டுகிறது. அப்போது அருகில் இருந்தவள் இப்போது இல்லை. வளர்தல் என்பதன் வரவையும் செலவையும் இந்த ஒரே காட்சி சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வசனம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை, முன்னர் எட்டாத படிக்கட்டு ஒன்றும் பின்னர் அதை எட்டவைக்கும் கருவி ஒன்றும். சிறுவனாலும் அந்தச் சுவரில் ஏறியிருக்க முடியுமானால் இந்தக் காட்சியே இல்லை.

அதே படைப்பின் நீர்க்கோயில் இன்றளவும் ஆட்டக்காரர்கள் பல்லைக் கடிக்கும் இடம். நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கி வழி தேட வேண்டும். நீரில் மூழ்க இரும்புக் காலணியை ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திறந்து அணிய வேண்டும். அந்தச் சிரமத்துக்காக அவோனுமா பின்னாளில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். 2011ஆம் ஆண்டு 3டிஎஸ் மறுபதிப்பில் காலணி ஒரே பொத்தானுக்கு வந்துவிட்டது. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. காலணியை அணிவதிலிருந்த தொல்லை வெறும் தொல்லை. அதை நீக்கியதால் எதுவும் குறையவில்லை. அதே கோயிலில் ஹூக்‌ஷாட் எட்டாத மேடைகள் இருந்தது வேறுவகைத் தடை. லிங்க் தன் நிழலுருவான இருண்ட லிங்குடன் போரிட்டு வென்ற பின்னரே இருமடங்கு நீளச் சங்கிலி கொண்ட லாங்‌ஷாட் கிடைக்கும். பழைய படைப்புகளின் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். காலைத் தடுக்கும் கல்லும் கதவும் ஒன்றல்ல.

பின்வந்த படைப்புகள் இக்கருவியை நீட்டியும் பிரித்தும் பார்த்தன. 2000ஆம் ஆண்டின் ‘மஜோராஸ் மாஸ்க்’ அதைக் கடற்கொள்ளையர் கோட்டைக்குள் ஒளித்துவைத்தது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளியான ‘தி விண்ட் வேக்கர்’ கொக்கியை இரண்டாக்கியது: கயிற்றில் ஊஞ்சலாடவைக்கும் கிராப்ளிங் ஹூக் ஒன்று, பழைய ஹூக்‌ஷாட் மற்றொன்று. கடல் சூழ்ந்த அந்த உலகில், படகிலிருந்து முன்னதை ஆழத்துக்குள் இறக்கி மூழ்கிக் கிடக்கும் பெட்டகங்களைத் தூக்கலாம். கிணற்றடியில் பாதாளக் கரண்டி செய்த வேலை அது, அச்சொட்டாக. 2006ஆம் ஆண்டின் ‘ட்வைலைட் பிரின்சஸ்’ கொக்கியை நகமாக்கி, கிளாஷாட் என்று பெயரிட்டது. வானத்து நகரத்தில் இரண்டாவது கிளாஷாட்டும் கிடைத்துவிடும். ஒன்றில் தொங்கியபடி மற்றொன்றை எய்யலாம். தரையைத் தொடாமலேயே போகலாம். ஆர்கராக் என்னும் பறக்கும் அரக்கனை, தூண் உச்சிகளுக்கிடையே தாவித் தாவி முதுகுப்புறம் சென்று வீழ்த்தும் போர், இக்கருவி எட்டிய உச்சம் எனலாம்.

உச்சத்துக்குப் பின் சரிவும் அங்கேயே தொடங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘ஒக்கரினா’வில் மரத்தால் ஆன எதிலும் கொக்கி பாயும் என்று ஆட்டக்காரர் ஓர் இயற்கை விதியைக் கண்டறிந்தார். பிந்தைய படைப்புகளில் பெரும்பாலும் அதற்கென்றே பதிக்கப்பட்ட இலக்குத் தட்டுகளும் கம்பி வலைகளும் கொடிகளுமே வழிகாட்டின. 2011ஆம் ஆண்டின் ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ வந்தபோது, இலக்குத் தட்டைக் கண்டவுடன் விடை தெரிந்துவிடும் நிலை. உலகத்தை வாசிக்கும் வேலை, அறிவிப்புப் பலகையை வாசிக்கும் வேலையாகச் சுருங்கியது. வேடமிட்ட சாவி என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்து ஹூக்‌ஷாட்டுக்கு ஓரளவு பொருந்தும். அவோனுமாவும் அவருடைய குழுவினரும் வேறு வழி தேடியதில் நியாயம் உண்டு.

2013ஆம் ஆண்டின் ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ அந்தத் தேடலின் இடைநிலை. அதில் ராவியோ என்னும் வணிகன் லிங்கின் வீட்டிலேயே கடை விரித்து, ஹூக்‌ஷாட் உள்ளிட்ட கருவிகளை வாடகைக்குக் கொடுப்பான். லிங்க் இறந்தால் வாடகைக் கருவிகள் கடைக்குத் திரும்பிவிடும். நிலவறைகளைப் பெரும்பாலும் விரும்பிய வரிசையில் முடிக்கலாம் என்பது வரவு. தாம்பேயின் கல்லறையில் மூச்சிரைக்க ஓடிப் பெற்ற கருவி, காசு கொடுத்தால் கிடைக்கும் வாடகைப் பாத்திரமானது செலவு.

2017இல் ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ வந்தது. ஹூக்‌ஷாட் முற்றிலும் மறைந்தது. லிங்க் வெறுங்கையால் ஏறத்தாழ எந்தச் சுவரிலும் ஏறலாம். உச்சியிலிருந்து பாராகிளைடரில் மிதந்து இறங்கலாம். தொடக்கப் பீடபூமியிலேயே அடிப்படை ஆற்றல்கள் அனைத்தும் கிடைத்துவிடும். பிறகு விரும்பினால் நேரே இறுதிப் பகைவனிடமே போய் நிற்கலாம். 3 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்ற இப்படைப்பின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. தொலைவில் தெரியும் மலையைச் சுட்டி, அங்கே போக முடியும் என்று சொன்ன உறுதிமொழியை அது உண்மையாகவே காப்பாற்றியது. தடையே இல்லை என்பதும் சரியில்லை. ஏறும் தெம்பு ஒரு வளையமாகக் குறைந்துகொண்டே வரும். மழை பெய்தால் பாறை வழுக்கும். 2023ஆம் ஆண்டின் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ ஒருபடி மேலே போய், கூரையைத் துளைத்து மேலேறும் அசெண்ட் என்ற ஆற்றலைத் தந்தது. கொக்கியின் தேவையே ஒழிந்தது.

இழப்பு என்னவென்று இப்போது துல்லியமாகச் சொல்லலாம். தெம்பு வளையமும் மழையும் விதிக்கும் தடை அளவு சார்ந்தது. இன்னும் சற்றுத் தெம்பு வேண்டும், அல்லது மழை ஓயக் காத்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் அதே சுவரில் அதே முறையில் ஏறிவிடலாம். உடைந்த பாலமும் இடிந்த படிக்கட்டும் விதித்த தடை தன்மை சார்ந்தது. அங்கே ஆட்டக்காரருக்கு இன்னும் தெரியாத ஒன்று தேவைப்பட்டது; அது கிடைக்கும்வரை அந்த இடம் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. ‘முடியாது’ என்பதற்கும் ‘இப்போதைக்கு முடியாது’ என்பதற்கும் இடையிலான தூரத்தைப் பழைய ஹைரூல் தன் நிலவரைபடத்திலேயே எழுதிவைத்திருந்தது. புதிய ஹைரூலில் ஓர் இடத்தை முதல்முறை காண்பதும் கடைசிமுறை காண்பதும் பெரும்பாலும் ஒன்றே. திரும்பிவரக் காரணம் குறைவு. ரெவாலியின் காற்று போன்ற ஆற்றல்கள் நடுவழியில் கிடைப்பது உண்மை. ஆனால் அவை பயணத்தை விரைவாக்குகின்றன. பூட்டிக் கிடந்த பொருளைத் திறப்பதில்லை.

இங்கே ஹூக்‌ஷாட்டின் ஆதரவாளர்களிடமும் ஒரு மறுப்பைச் சொல்லியாக வேண்டும். திறந்த உலகத்தில் ஹூக்‌ஷாட்டைச் சேர்த்துவிட்டால் போதும் என்று கேட்போர் பலர். அது நடந்தால் கிடைப்பது என்ன என்பதற்கு வேறு படைப்புகளில் விடை இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் ‘ஜஸ்ட் காஸ் 2’இல் கொக்கி ஏறத்தாழ எதையும் பற்றும், பாராசூட்டுடன் சேர்த்துத் தீவு முழுவதும் பறக்கலாம். 2021ஆம் ஆண்டின் ‘ஹேலோ இன்ஃபினிட்’ கொக்கியும் அவ்வகையே. இரண்டும் மிகுந்த களிப்பைத் தருபவை. ஆனால் அங்கே கொக்கி கால்களுக்கு மாற்று. சுவரிடம் அது கேள்வி எதையும் கேட்பதில்லை. எதிலும் ஏறத்தக்க உலகத்தில் சேர்க்கப்படும் ஹூக்‌ஷாட் அவ்வாறான விரைவு வாகனமாக மட்டுமே இருக்கும். மாறாக, 1987ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘பயோனிக் கமாண்டோ’வை நினைத்துப் பார்க்கலாம். அதன் நாயகனுக்குக் குதிக்கவே தெரியாது. கையிலிருந்து நீளும் கொக்கியால்தான் எங்கும் ஏற வேண்டும். குதிக்கும் வசதியைப் பறித்ததால்தான் கொக்கிக்கு உயிர் வந்தது.

உடும்புப் பிடி என்ற வழக்கும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1670ஆம் ஆண்டு தானாஜி மாலுசரே கொண்டாணா கோட்டையைக் கைப்பற்றிய நிகழ்வைப் பற்றி மராட்டிய மரபில் ஒரு கதை வழங்குகிறது. யஷ்வந்தி என்னும் உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் செங்குத்தான பாறையில் ஏற்றி, அதன் பிடியை நம்பி வீரர்கள் மேலேறினார்களாம். வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. இன்று சிம்மகட் எனப்படும் அக்கோட்டை புணே நகருக்கு அருகில் இருக்கிறது. அங்கே செல்வோர் இன்றும் அந்தப் பாறைச்சரிவைத் தேடிப் பார்க்கிறார்கள். கதை நிலைத்ததற்குக் காரணம் உடும்பு மட்டுமன்று; யாரும் ஏற முடியாது என்று காவலின்றி விடப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பக்கமும்தான். எல்லாப் பாறையிலும் எல்லாரும் ஏறக்கூடிய நாட்டில் அப்படியொரு கதை பிறக்காது.

இனி, இது பழைய நினைவின் ஏக்கம் மட்டும்தானா என்ற முதல் கேள்விக்கு வரலாம். இரண்டு சான்றுகள் அதை மறுக்கின்றன. முதலாவது, ரேண்டமைசர் எனப்படும் ரசிகர் ஆக்கங்கள். ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’, ‘ஒக்கரினா’ ஆகிய பழைய படைப்புகளின் கருவிகளை நிரல் ஒன்று கலைத்து வேறு வேறு இடங்களில் வைத்துவிடும். ஆனால் எப்படியும் முடிக்கத்தக்க வகையில்தான் வைக்கும். ஹூக்‌ஷாட் இம்முறை எந்தப் பெட்டகத்தில் இருக்கிறதோ யாருக்கும் தெரியாது. அது இல்லாமல் எங்கெல்லாம் போக முடியும், எந்த மேடையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்கிட்டுக்கொண்டே போகிறார்கள். பழைய நினைவில் திளைக்க விரும்புபவர் பழையதை அப்படியே விளையாடுவார். இவர்களோ நினைவை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, தடையும் திறப்பும் ஆகிய உறவை மட்டும் புதிதாக வேண்டுகிறார்கள்.

இரண்டாவது சான்று இளையோருடையது. ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி என்னும் மிகச் சிறிய குழு 2017இல் ‘ஹாலோ நைட்’ படைப்பை வெளியிட்டது. எட்டாத மேடைகளைப் பார்த்துவைத்து, ஆற்றல் கிடைத்த பின் திரும்பிவருவதே அதன் உயிர். அதன் தொடர்ச்சியான ‘சில்க்சாங்’ 2025 செப்டம்பரில் வெளியான நாளில், வாங்க வந்தோரின் நெருக்கடியில் இணையக் கடைகளே தடுமாறின. அதிலும் நடுவழியில் ஒரு கொக்கிக் கருவி கிடைக்கிறது. அதன் பெயர் கிளாலைன். இவற்றை விரும்புவோரில் 1991இல் பிறந்தே இராதவர்கள் ஏராளம். அவர்களிடம் சூப்பர் ஃபேமிகாம் காலத்தைப் பற்றிய ஏக்கம் இருக்க வழியில்லை. அவர்கள் விரும்புவது, தம்மை மறுக்கத் தெரிந்த உலகத்தை. அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு பதில் இருக்கிறது என்ற நம்பிக்கையை.

நிண்டெண்டோவும் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டின் ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ படைப்பில் இளவரசி ஜெல்டாவே நாயகி. அவளுக்குப் பைண்ட் என்னும் ஆற்றல் உண்டு: தொலைவிலுள்ள பொருளைக் கட்டி, தன் அசைவுக்கேற்ப அசைக்கலாம், விரும்பினால் பொருளின் அசைவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து அதனுடன் நகரலாம். பொருள் தன்னிடம் வருவது, தான் பொருளிடம் போவது என்ற ஹூக்‌ஷாட்டின் இரண்டு விதிகளும் இங்கே வேறு உருவில் வாழ்கின்றன. மூன்றாவது விதியான அந்த ‘டிங்’ ஒலிக்குத்தான் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. கட்டில்களை அடுக்கியே பல தடைகளைத் தாண்டிவிடலாம் என்பதை அப்படைப்பை விளையாடியவர்கள் அறிவார்கள்.

ஆகவே ஜெல்டா தொடரிடம் கேட்கத்தக்கது, பழைய கருவியைத் தூசி தட்டி எடுத்துத் தருவதன்று. கொக்கியோ நகமோ கயிறோ, பெயர் எதுவாயினும் இருக்கட்டும். பரந்த ஹைரூலில் ஏறத்தக்க மலைகள் ஆயிரம் இருக்க, ஏற முடியாத சில சுவர்களும் இருக்கட்டும். முதல்நாள் அவற்றைக் கடந்து செல்பவர் அண்ணாந்து பார்க்கட்டும். பல நாள் கழித்து, எதிர்பாராத ஓரிடத்தில், எதிர்பாராத ஒருவரிடமிருந்து கைக்கு வரும் கருவி அந்தச் சுவரை நினைவூட்டட்டும். இலக்குத் தட்டைப் பதித்துக் காட்டிக்கொடுக்காமல், மரத்தையும் கல்லையும் பிரித்தறியும் பொறுப்பை ஆட்டக்காரரிடமே விட்டுவிடட்டும்.

விளையாட்டு வடிவமைப்பைப் படிப்பாகக் கற்பிக்கும் நிறுவனங்கள் இந்தியாவிலும் பெருகிவருகின்றன. அவற்றின் மாணவர்களுக்குத் திறந்த உலகமே முன்னேற்றம், தடை என்பது பழைய தொழில்நுட்பத்தின் குறை என்ற பாடம் எளிதில் சென்றுசேர்ந்துவிடும். பெரிய உலகத்தைக் கட்டப் பெரும்பணமும் நூற்றுக்கணக்கான ஆட்களும் வேண்டும். ஒரு சுவரையும், அதில் ஒருநாள் பற்றப்போகும் கொக்கியையும் வடிவமைக்க, சிறு குழுவும் தெளிவான சிந்தனையும் போதும். டீம் செர்ரி அதைக் காட்டிவிட்டது. எந்த இடத்தில் ஆட்டக்காரரை மறுப்பது, அந்த மறுப்பை எப்போது, யார் கையால் விலக்குவது என்ற கேள்வியிலிருந்தே அவர்கள் தம் முதல் படைப்பைத் தொடங்கலாம்.